போர்டு வரைய எந்த மென்பொருள்?

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகள், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரிகள் என்று பார்த்தால், மின்னணுவியலைப் பொழுதுபோக்காக்கிக்கொள்ளும் ஆட்களுக்குச் சென்னையின் மேற்குப் புறநகரில் பஞ்சமில்லை. ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிவந்து, துளைபோட்ட பொது போர்டில் ஒயர் இழுத்து சால்டர் வைப்பது ஓரளவுக்குத்தான் ஓடும். சுற்று பெரிதானால் சொந்தமாக பிசிபி வரைந்தே ஆகவேண்டும். அப்போது பலரும் கேட்பது, எந்த மென்பொருள் இலவசம் என்பதுதான். இன்று வரைந்த ஃபைலை ஐந்து வருடம் கழித்துத் திறக்க முடியுமா என்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பேன்.

ஈகிள் மென்பொருளின் கதை இதற்குச் சாட்சி. ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட அதை உலகமெங்கும் பொழுதுபோக்காளர்கள் பயன்படுத்தினார்கள். ஆர்டுயினோ போர்டுகளின் வரைபடங்களே ஈகிள் ஃபைல்களாகத்தான் வெளிவந்தன. இலவசப் பதிப்பில் இரண்டே அடுக்கு, 80 சதுர செ.மீ. பரப்பு. சின்ன வேலைக்கு அது தாராளம். 2016-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2017-இல் சந்தா முறைக்கு மாற்றியது. 2026 ஜூன் 7-உடன் ஈகிளை நிறுத்துவதாக 2023-இல் அறிவித்தது. இனி எங்கள் ஃப்யூஷன் மென்பொருளுக்கு வாருங்கள் என்பதுதான் பழைய வாடிக்கையாளருக்குக் கிடைத்த பதில். நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவர்கள் சரக்கு. வருடக்கணக்கில் வரைந்து சேர்த்த போர்டுகள் மட்டும் நம்முடையவை.

அதனால்தான் கீகேட்டைப் பரிந்துரைக்கிறேன். பிரான்சின் கிரெனோபிளில் ஜான்-பியர் ஷரா 1992-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. பிற்பாடு சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடம் தன் பொறியாளர்களைக் கொண்டு இதை வளர்த்தது. 2019-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்கீழ் வந்தது. போர்டின் அளவுக்கு ஈகிள் போட்டதுபோன்ற உச்சவரம்பு கிடையாது. வரைபடம் சாதாரண எழுத்து ஃபைலாகவே சேமிக்கப்படுகிறது. மூலநிரலும் திறந்தே இருப்பதால், நாளை இதை நடத்துபவர்கள் கையை விரித்தாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு: மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய இ-சிம் மென்பொருள், கீகேட்டையும் சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸையும் இணைத்ததுதான்.

கற்பது கடினம் என்ற புகார் முழுப்பொய் அல்ல. சுற்றுப்படத்தில் ஒரு குறியீடு, போர்டில் அதற்கு வேறொரு ஃபுட்பிரிண்ட் என்று இரண்டையும் பொருத்துவதில் புதியவர் திணறுவார். ஆனால் ஒரே ரெகுலேட்டர் மூன்று விதமான உடம்பில் கடையில் கிடைக்கும்போது, எதை வாங்கப்போகிறோம் என்று யோசிக்க வைப்பதும் அந்தத் திணறல்தான். ஈஸி-ஈடிஏ இதைவிட வலுவான மறுப்பு. பிரவுசரிலேயே வரையலாம்; போர்டு செய்து தரும் சீனத்து ஜேஎல்சிபிசிபி-க்கு அங்கிருந்தே ஆர்டர் போடலாம். முதல் போர்டுக்கு அது சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் உதிரிபாகப் பட்டியல் சீனக் கிடங்கை ஒட்டியது, ரிச்சி தெருவை ஒட்டியதல்ல. கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் மலிவு விலை மலிவாக நிற்பதில்லை. வேலைக்குக் கட்டண மென்பொருளான ஆல்டியம்தானே கேட்கிறார்கள் என்பார் மாணவர். கேட்கும் நிறுவனங்கள் உண்டுதான். அதற்காக கிராக் காப்பி போடுவது வைரஸுக்கும் வழக்குக்கும் கதவு திறப்பது. மின்சாரம் எவ்வளவு பாயும், ட்ராக் எவ்வளவு அகலம் வேண்டும், ஐசி-யின் காலுக்கு எவ்வளவு அருகில் கெபாசிட்டர் நிற்கவேண்டும் என்பதெல்லாம் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான். மெனுவைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

போர்டு செய்து தருபவருக்கோ இந்தச் சண்டையில் அக்கறையே இல்லை. அவருக்கு வேண்டியது கெர்பர் ஃபைல்: செம்பு, மாஸ்க், எழுத்து என்று அடுக்குக்கு ஒன்று, துளைகளுக்குத் தனியாக ஒரு டிரில் ஃபைல். கீகேட் இவற்றைத் தரும். அனுப்புமுன் அதன் கெர்ப்வியூவில் திறந்து பார்த்தால் துளை இடம் மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பழைய ஈகிள் ஃபைல் வைத்திருப்பவர்கள் கீகேட்டில் அவற்றை இறக்குமதி செய்து, ட்ராக்குகளைச் சரிபார்த்து, இப்போதே சேமித்து வையுங்கள்.