எண்ணெய்க் கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள்

நீரின் அருமையை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நூலைத் தோய்க்க நெசவாளிக்கும், பயிரை வளர்க்க விவசாயிக்கும் நல்ல நீர் வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தோன்றியது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆலைகள் பெருகின. ஆகவே, ஆலைக் கழிவுநீர் எவ்வாறு தூய்மை பெறுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நமக்கு வடகிழக்கே, மணலியில், 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. இத்தகைய ஆலைகளின் கழிவுநீரில் எண்ணெய், பீனால், கந்தகப் பொருள்கள், அம்மோனியா ஆகியவை கலந்திருக்கும். முதலில் அந்நீரை அகன்ற தொட்டியில் மெதுவாக ஓடவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பர். பின்னர் நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, எஞ்சிய துளிகளை மிதக்கச் செய்வர். நீரில் கரைந்து நிற்பவற்றை இம்முறைகளால் அகற்ற இயலாது. அங்கேதான் நுண்ணுயிர்களின் பணி தொடங்குகிறது.

காற்றூட்டப்பெறும் தொட்டியில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அக்கழிவை உணவாகக் கொண்டு, பெரும்பகுதியைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. அடியில் படியும் உயிர்ச்சேற்றின் ஒரு பகுதியை, பாலுக்கு உறை ஊற்றுவது போல், மீண்டும் தொட்டியில் சேர்ப்பர். இம்முறை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வகுக்கப்பட்டது. பயிருக்கு உரம் வேண்டுவது போல இவற்றிற்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். பிராணவாயு குறைந்தாலோ, எண்ணெய் திடீரெனப் பெருகினாலோ இவை நலிந்துவிடும். சுத்திகரிப்பு ஆலைகள் வெளியேற்றும் நீரில் எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2008-இல் வகுத்த விதி.

ஆயினும் இவற்றின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பரவி, எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. தொட்டியைக் கடந்து வெள்ளத்தோடு போகும் எண்ணெயைத் தொட்டியிலுள்ள நுண்ணுயிர் என் செய்யும்? மேலும், சாயக் கழிவிலுள்ள உப்பை அவை உண்பதில்லை. நொய்யல் ஆறு மாசுற்றதன் விளைவாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது நம் தொழிலுக்கு நேர்ந்த பாடமாகும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. சாயநீரை ஏரிக்கோ கால்வாய்க்கோ விடாதிருத்தல் ஒன்று. கிணற்று நீரை ஆண்டுதோறும் பரிசோதித்து, அம்முடிவுகளைச் சங்கத்தில் பதிந்து வைத்தல் மற்றொன்று. தனி ஒருவரின் முறையீட்டினும் சங்கத்தின் பதிவேடு வலிமை மிக்கது.