ஐந்தெழுத்தும் பத்துக் கட்டங்களும்

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குச் செல்லும் சாலையில், வடுகபட்டியின் வெள்ளைப்பூண்டு வாசனையைக் கடந்து மேல்மங்கலத்தையும் பின்னே விட்டால், வராக நதித் தண்ணீரில் வளர்ந்த வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே ஜெயமங்கலம் வந்து சேரும். அங்கே என் மைத்துனர் வீட்டுத் திண்ணையில், சென்ற தை மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், ஒரு மடிக்கணினியை நடுவில் கிடத்திவிட்டு நாங்கள் நால்வரும் துஷ்டி கேட்க வந்தவர்களைப்போல உட்கார்ந்திருந்தோம்.

மடிக்கணினி மைத்துனரின் மூத்த பெண்ணுடையது. அவள் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புப் படித்தபோது வந்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அந்த விலையில்லாத் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில், விண்டோஸோடு சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்ற இயங்குதளமும் சேர்ந்தே இருந்தது என்பது பலருக்கு இன்று நினைவிருக்காது. இவளுடைய கணினியில் கல்லூரித் தோழிகள் பிற்பாடு டெபியனையே நேராக ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய தம்பி, சினிமாப் படங்களுக்கு இடம் பண்ண வேண்டும் என்ற உத்தம நோக்கத்தோடு, தனக்கு வேண்டாததாகப் பட்ட ஒரு நிரலை நீக்கப் புகும் வரையில்.

“பெரிய லிஸ்ட்டு ஒண்ணு வந்துச்சு மாமா. கடைசில, ஒய்யா என்னான்னு கேட்டுச்சு. நானும் ஒய்னு அடிச்சுட்டேன்.”

லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை. கூட்டுக் குடும்பத்தில் ஒருவரை வெளியேறச் சொன்னால் அவரை நம்பியிருப்போர் அனைவரும் மூட்டையைக் கட்டுவதைப்போல, அடியில் உள்ள ஒன்றை நீக்கினால் அதன்மேல் நின்றவை யாவும் கூடவே கிளம்பிவிடும். பையன் நீக்கச் சொன்னது ஒன்று. அதை நம்பி நின்றது வரைகலை முகப்பு முழுவதும். ஆகவே அடுத்த முறை பொத்தானை அமுக்கியபோது, நீலவானப் படமும் சின்னங்களும் தோன்ற வேண்டிய இடத்தில், கறுப்புத் திரையும், பெயரைக் கேட்கும் ஒற்றை வரியும், கண்சிமிட்டும் ஒரு கோடும் மாத்திரமே மிஞ்சின.

“செத்துப் போச்சா மச்சான்?” என்றார் மைத்துனர். அவருடைய கவலைக்குக் காரணம் இருந்தது; மூன்று வருஷத்து வெற்றிலைக் கொடிக்காலின் வரவுசெலவு முழுவதையும் மகள் அதிலேதான் எழுதி வைத்திருந்தாள்.

சாகவில்லை என்பதைக் காட்டுவதற்காகப் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போய், கோப்புகளின் பட்டியலைத் தரும் இரண்டெழுத்துக் கட்டளையைக் கொடுத்தேன். ஆங்கிலப் பெயர் வைத்த கோப்புகள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. அவற்றின் நடுவே ஒரு வரியில் எழுத்தே இல்லை. பத்துச் சிறு கட்டங்கள், ஓர் இடைவெளி, மறுபடியும் ஆறு கட்டங்கள்.

“அதுதான் கொடிக்கால் கணக்கு” என்றாள் பெண். மைத்துனர் விரல்விட்டு எண்ணினார். “கொடிக்கால்ங்கிறது அஞ்செழுத்து. பத்துக் கட்டம் எங்கே இருந்து வந்துச்சு?” எழுபதுகளில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு வெற்றிலை விவசாயி கேட்ட அந்தக் கேள்விக்குள், வரைகலை முகப்பு என்பது தமிழனுக்கு ஏன் அலங்காரமன்று, அத்தியாவசியம் என்பதற்கான விடை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர ஒரு சுற்று சுற்றித்தான் ஆக வேண்டும்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸுக்கு வித்திட்ட காலத்தில் கணினியோடு பேசுவதற்கு வாய்த்த சாதனம் காகிதத்தில் தட்டெழுதும் தந்தி யந்திரமேயாகையால், எழுத்துதான் அதற்குத் தாய்மொழியாக அமைந்தது. சித்திரம் பின்னால் கற்ற பாஷை. அந்தப் பாஷையைக் கற்பித்தவை ‘ஒர்க்ஸ்டேஷன்’ என்று வழங்கிய ஆராய்ச்சியாளர் கணினிகள். அவற்றுக்கு லட்சணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர், 1958-இல் நம் கிண்டி பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்று, பிற்காலத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ராஜ் ரெட்டி. பத்து லட்சம் எழுத்துகளைத் தாங்கும் நினைவகம், திரையில் பத்து லட்சம் புள்ளிகள், வினாடிக்குப் பத்து லட்சம் ஆணைகளை நிறைவேற்றும் வேகம் என்ற மூன்று மில்லியன்களை எண்பதுகளின் தொடக்கத்தில் அவரும் சகாக்களும் இலக்காக வைத்தார்கள். திண்ணையில் கிடந்த மடிக்கணினியின் நினைவகம் அந்த இலக்கைப்போல இரண்டாயிரம் மடங்கு. ஆனால் அதன் திரையிலே குறுக்கே 1366, நெடுக்கே 768, பெருக்கினால் பத்து லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தாம். திரை மட்டில், ஜெயமங்கலத்துப் பிள்ளைகள் கையில் இருப்பது அசல் ஒர்க்ஸ்டேஷனே.

இந்தப் பத்து லட்சம் புள்ளிகளை ஒரே சமயத்தில் ஓடும் பல நிரல்களுக்கு யார் பங்கிடுவது? 1984-இல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லர் தொடங்கிய ‘எக்ஸ்’ என்னும் ஜன்னல் அமைப்பு, அந்த வேலைக்கென்று ஒரு தனி நிரலை நியமித்தது. கண்மாய்ப் பாசனத்தில் எந்தச் சம்சாரியும் தானே மடையைத் திறந்துகொள்வதில்லை. நீர்பாய்ச்சியிடம் சொல்ல வேண்டும், அவர்தாம் எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று வாய்க்காலை வெட்டிவிடுவார். ‘எக்ஸ் வழங்கி’ என்ற அந்தத் தனி நிரலும் திரைக்கு அப்படியொரு நீர்பாய்ச்சி. நிரல்கள் கேட்கும், அது வரையும். எலி நகர்ந்தாலும் விசை தட்டுப்பட்டாலும் உரிய நிரலுக்குத் தகவல் சொல்லும். வயல் எந்த ஊரில் இருந்தாலும் சரி என்பதுதான் இதில் விசேஷம்: ஓர் ஊர்க் கணினியில் ஓடும் நிரல் இன்னோர் ஊர்த் திரையில் தன் ஜன்னலைத் திறக்கலாம். 1987-இல் வந்த இதன் பதினோராவது வடிவம் இன்னும் உயிரோடிருக்கிறது. வேலண்ட் என்ற இளையவர் 2008 முதல் அதன் இடத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார், இன்னும் முழுக்க வந்தபாடில்லை.

கைபேசியை ஒயரால் மடிக்கணினியோடு இணைத்து, அதன் வழியே இணையத்தைப் பெற்று, பையனுக்குப் புரியட்டும் என்பதற்காக முதலில் எக்ஸை மட்டும் ஏற்றித் தொடங்கினேன். திரையின் இடப்புற மேல்மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம் ஒட்டிக்கொண்டு நின்றது. தலைப்புப் பட்டை கிடையாது; மூடும் பொத்தான் கிடையாது; இழுத்தால் வரவில்லை; சுட்டிக்குறி அதன்மேல் நின்றால் மாத்திரம் தட்டிய எழுத்து ஏறியது, விலகினால் இல்லை. ஜன்னல் இருக்கிறது, நிலையும் கதவும் இல்லை. இது குறைபாடன்று, கொள்கை. வசதியைக் கொடுப்போம், அதை எப்படி அனுபவிப்பது என்று விதிக்கமாட்டோம் என்பது எக்ஸின் கர்த்தாக்கள் ஆதியில் செய்துகொண்ட சங்கல்பம். நிலைச்சட்டம் பொருத்துவதற்கு ஜன்னல் மேலாளர் என்று ஒரு தனி நிரல், கீழே பட்டை போடுவதற்கு ஒன்று, கோப்புகளைப் படமாகக் காட்ட ஒன்று, வாசலில் நின்று பெயர் கேட்க ஒன்று என்று பலவும் சேர்ந்த தொகுதிக்குத்தான் ‘டெஸ்க்டாப்’ என்று பெயர். வேண்டியவர் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், ஆளுக்கு ஒரு மாதிரி சேர்ப்பார்கள், அப்படித்தான் சேர்த்தார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், பேராசிரியர் வெளியூர் போயிருந்த தைரியத்தில், ஒரு சன் ஒர்க்ஸ்டேஷனில் சி.டி.இ. என்ற முகப்பைக் குறுந்தட்டிலிருந்து ஏற்றிய அனுபவம் எனக்கு உண்டு. ஹெச்.பி., ஐ.பி.எம்., சன் முதலிய போட்டிக் கம்பெனிகள் 1993-இல் ஒன்றுகூடி, யூனிக்ஸுக்குப் பொதுவான ஒரு முகம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டதன் பலன் அது. பழுப்பும் ஊதாவுமாக, கனத்த விளிம்புகளோடு, அடியில் ஒரு பெரிய பலகையும் அதன் நடுவே ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட பொத்தான்களுமாக அது எழுந்து நின்றபோது எனக்கு அது பேரழகாகத் தோன்றியது. இன்று பார்த்தால் அரசு அலுவலகத்து மர அலமாரிபோல இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் இனாமாக ஒன்று செய்யத் தொடங்கினார், அதுவே எக்ஸ்.எஃப்.சி.இ. மதுரையைப் பிரித்துத் தேனி மாவட்டம் அமைக்க அரசாணை பிறந்த அதே வருஷத்து அக்டோபரில், ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து மாணவர் மத்தியாஸ் எட்ரிக், நிர்வாகிகளுக்காக அல்ல, சாதாரண உபயோகிப்பாளருக்காக ஒரு முகப்பு வேண்டும் என்று அறிவித்து கே.டி.இ.க்கு அஸ்திவாரம் போட்டார். அதற்கு அடிப்படையான கியூட்டி என்னும் நூலகத்தின் உரிமம் போதிய அளவு சுதந்திரமானதன்று என்று பிணங்கி, மறுவருஷமே மெக்ஸிகோக்காரர் இருவர் க்னோம் என்ற மாற்றை ஆரம்பித்தார்கள். இவற்றுள் எது சிரேஷ்டம் என்ற வழக்கு, பட்டிமன்ற நடுவர்களாலும் தீர்க்க முடியாதது. நான் அதற்குள் புகப்போவதில்லை.

பழைய மடிக்கணினிக்குப் பாரம் குறைந்தது எக்ஸ்.எஃப்.சி.இ.யே ஆகையால் அதையே தேர்ந்தேன். கட்டளை ஒரு வரிதான். சில நூறு எம்.பி. இறங்கி, பொதிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தத்தம் இடத்தில் அமர்ந்துகொண்டிருந்த வேளையில், வழக்கப்படி கரண்டு போயிற்று. பேட்டரி எப்போதோ காலமாகிவிட்ட கணினியாகையால் திரையும் உடனே இருண்டது. பையன் என்னைப் பார்த்த பார்வையில், ‘நான் தனியாகக் கெடுத்தேன், நாம் சேர்ந்து கெடுத்தோம்’ என்ற ஆறுதல் தெரிந்தது. ஆனால் டெபியனின் பொதி மேலாளர், எது வந்து சேர்ந்தது, எது பிரிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று ஒவ்வொரு படியையும் ஒரு பேரேட்டில் குறித்துக்கொண்டே வேலை செய்யும் கணக்குப்பிள்ளை. மின்சாரம் வந்தபின், விட்ட இடத்திலிருந்து அமைத்து முடி என்று ஒரு கட்டளை கொடுத்ததும், ஒன்றும் நடவாததுபோல மீதியைச் செய்து முடித்தது.

முகப்பு எழுந்தது. கோப்புகளின் ஜன்னலைத் திறந்தோம். கட்டங்கள் அப்படியே இருந்தன! ஒரு வித்தியாசம்: கறுப்புத் திரையில் வெறுமையாயிருந்த ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இப்போது எறும்பளவு நான்கு குறிகள் தெரிந்தன. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைத்துனர் குனிந்து பார்த்தார். முதலாவதும் ஐந்தாவதும் ஏழாவதும் ஒரே குறிகள் என்று அவரே கண்டுபிடித்தார். அந்த மூன்றும் ‘க’.

யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துக்குறி முறை, 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலிருந்தே, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அதில் இல்லை. உயிரும், அகரமேறிய மெய்யும், கொம்பு, கால், விசிறி, புள்ளி முதலிய துணைக்குறிகளுமே உண்டு. ‘கொ’ என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து; கணினியின் ஏட்டில் அது ‘க’ என்று ஒன்று, ஒகரக் குறி என்று ஒன்று, ஆக இரண்டு. டி, க், கா, ல் ஆகியவையும் அவ்வாறே இரண்டிரண்டு. ஐந்தெழுத்துக்குப் பத்துக் கட்டம் வந்த கணக்கு இதுதான். அந்த வரிசைப்படியே அச்சிட்டால் க முதலிலும் குறி பின்னாலுமாக நிற்கும். ஆனால் ஒகரக் குறி கொம்பும் காலுமாக இரண்டாய்ப் பிளந்து, கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் போய் நிற்க வேண்டும். லினக்ஸின் கறுப்புத் திரைக்கு இந்த வித்தை தெரியாது: ஒரு குறிக்கு ஒரு கட்டம், அதிகபட்சம் 512 வடிவங்கள், இடம்மாற்றம் கிடையாது என்ற தந்தி யந்திரத்துச் சம்பிரதாயத்திலேயே அது நின்றுவிட்டது. எழுத்தைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ், பாங்கோ போன்ற நூலகங்கள் வரைகலை முகப்போடுதான் வருகின்றன. பாங்கோ என்ற பெயரே கிரேக்கத்து ‘பான்’, ஜப்பானியத்துக் ‘கோ’ இரண்டையும் ஒட்டி, எல்லா மொழியும் என்ற பொருளில் வைத்தது. ஆங்கிலேயனுக்கு யூனிக்ஸின் முகப்பு சௌகரியம். அது இல்லாமலே அவன் காலம் தள்ளிவிடுவான். நமக்கு அது போனால் மொழியே போயிற்று.

இந்த உண்மையைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தவர்கள், தேசாந்தரங்களில் சிதறிக் கிடந்த சில தமிழ் இளைஞர்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில், சம்பளமோ சபையோ இல்லாமல், கே.டி.இ.யின் ஆயிரக்கணக்கான சொற்றொடர்களை அவர்கள் இரவுகளில் உட்கார்ந்து தமிழாக்கினார்கள். அக்காலத்து நிரல்களில் யூனிகோட் தமிழ் சரிவர வடிவங்கொள்ளாமையால், கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிறபடி முன்னாலேயே எழுதிவைக்கும் ‘டிஸ்கி’ முறையைக் கையாண்டார்கள். நார்வே தேசத்துக் கியூட்டி நூலகத்துக்குள் அந்த டிஸ்கிக்கும் யூனிகோடுக்கும் இடையே மாற்றித் தரும் ஒரு பகுதி இடம்பெற்றிருந்தது.

நம் திண்ணையில் இன்னும் குறைந்தது எழுத்துரு ஒன்றே. கோக்கத் தெரிந்த கைக்குப் பூ வேண்டாமா? லோஹித் தமிழ் எழுத்துருவை இறக்கி, ஜன்னலை மூடித் திறந்ததும், ‘கொடிக்கால் கணக்கு’ என்று தெளிவாக நின்றது. அடிப்பட்டையின் ஓரத்தில், சி.டி.இ. காலத்து ஞாபகமாக, நான்கு சிறு சதுரங்கள்.

பெண் தமிழ்99 விசைமுறையை அமைத்துக்கொண்டு, கணக்கைத் திறந்து, அன்றைய கொழுந்துக் கூலியை எழுத ஆரம்பித்தாள். க என்ற விசையைத் தட்டினாள். திரையில் க வந்தது. அடுத்து ஒ என்ற விசையைத் தட்டினாள். கொம்பு வந்து அமர்வதற்காக, அந்தக் க தன் இடத்திலிருந்து சற்றே வலப்புறம் நகர்ந்து வழிவிட்டது.

“அதை அழிச்சுட்டு இன்னொரு தடவை அடி தாயி” என்றார் மைத்துனர்.