காம்பஸ் வேலையைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

பிள்ளைகளின் படிப்புக்கென்று கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் இறக்கிக்கொள்ள வேண்டிய புரோகிராம் ஜியோஜிப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தொடங்கியது. வீட்டு உபயோகத்திற்கு இலவசம். பிரவுசரிலும் இயங்கும்.

பத்தாம் வகுப்பில் அடிப்பக்கம், உச்சிக்கோணம், குத்துயரம் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்கள். எட்டு மதிப்பெண். கண்டமங்கலத்தில் நான் பார்த்த மாணவர்கள் பலரும் இதன் படிகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 60 டிகிரியை ஏன் கோட்டுக்குக் கீழே வரைகிறோம் என்றால் விழிக்கிறார்கள். அதை இப்போது பார்ப்போம்.

1. 'செக்மென்ட் வித் கிவன் லெங்த்' டூலை எடுத்து, அச்சுகள் வெட்டும் இடத்தில் க்ளிக் செய்து 6 என்று டைப் செய்யுங்கள். ஏபி என்ற கோடு வரும்.

2. 'ஆங்கிள் வித் கிவன் சைஸ்' எடுத்து பி, ஏ என்று வரிசையாக க்ளிக் செய்து 60 டிகிரி, 'க்ளாக்வைஸ்' எனக் கொடுங்கள். கீழே ஒரு புள்ளி கிடைக்கும். அதை ஏ-யுடன் 'செக்மென்ட்' டூலால் இணையுங்கள்.

3. அந்தச் சாய்கோட்டுக்கு ஏ வழியே செங்குத்துக் கோடும், ஏபி-க்கு மையக்குத்துக்கோடும் வரையுங்கள். 'இன்டர்செக்ட்' டூலால் அவை வெட்டும் இடத்தைக் குறித்தால் சி கிடைக்கும்.

4. சி-யை மையமாக வைத்து ஏ வழியே வட்டம் போடுங்கள்.

இனி மேல்வில்லில் டி என்ற புள்ளியை வைத்து, ஏ, டி, பி என க்ளிக் செய்து கோணத்தை அளந்து, டி-யை மவுஸால் இழுங்கள். புள்ளி நகரும், கோணம் 60-லேயே நிற்கும். ஏபி-யை 60 டிகிரியில் பார்க்கும் புள்ளிகளின் நியமப்பாதை இந்த வில்தான். சாய்கோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதால் அது தொடுகோடு. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், ஒன்றுவிட்ட வட்டத்துண்டில் உள்ள கோணத்துக்குச் சமம். கீழே 60 வரைவதன் காரணம் இதுவே.

இன்புட் பாரில் ஒய் = 4 என்று கொடுங்கள். கோடு வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். எதை உச்சியாக எடுத்தாலும் விடை சரி. ஒய் = 6 கொடுத்தால் வெட்டாது. குத்துயரம் சுமார் 5.2-ஐத் தாண்டினால் அப்படியொரு முக்கோணமே கிடையாது.

தேர்வில் மவுஸ் கிடையாது. எனவே திரையில் புரிந்ததும், அதே கணக்கை நோட்டில் காம்பஸ் கொண்டு ஒருமுறை வரையச் சொல்லுங்கள்.