பயணத்திற்கு ஏற்ற அடுப்பு எது?

சுங்கை ஊடாங்கில் வளர்ந்த எனக்கு எரிவாயு புதிய செய்தி அன்று. எங்கள் ஊர்ப் பக்கம் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1994ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அங்கு உற்பத்தியாகும் பொருள்களுள் சமையல் எரிவாயுவும் ஒன்று. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களான நாங்களே ஒரு சிறிய கேஸ் அடுப்பின் முன் விழித்துக்கொண்டு நின்ற கதையோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது இரண்டு காரில் குடும்பத்தோடு தஞ்சோங் பிடாரா கடற்கரைக்குச் சென்றோம். வெளியே வாங்கிச் சாப்பிட வேண்டாம், சூடாகத் தோசை சுட்டுக்கொள்ளலாம் என்று அம்மா மாவு கரைத்து எடுத்து வந்திருந்தார். அடுப்பு சிறியது, வீட்டுத் தோசைக்கல்லோ பெரியது. கடற்காற்று தீயை அலைக்கழித்ததால் அப்பா பிஸ்கட் டின் மூடிகளை அடுப்பைச் சுற்றி மறைப்பாக வைத்தார். எட்டாவது தோசையோ ஒன்பதாவதோ, ‘டக்’ என்று ஒரு சத்தம். தீ அணைந்துவிட்டது.

“அடுப்பு கெட்டுப்போச்சு போல” என்று சொல்லிக்கொண்டே அப்பா நெம்புகோலை அழுத்தினார். அது மேலே எழும்பியது. மறுபடியும் அழுத்திப் பிடித்தார். என் தாய்மாமா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க மாமா, டின்னத் தொட்டுப் பாருங்க, கொதிக்குது!”

அடுப்பில் எந்தப் பழுதும் இல்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. டின் சூடேறி உள்ளே அழுத்தம் கூடியதால், பாதுகாப்புக் கருவி டின்னைத் தானாகவே கழற்றிவிட்டிருக்கிறது. அப்பா அதை மீண்டும் பொருத்தப் பார்த்திருக்கிறார். அந்த அச்சம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

எரிபொருள் வகைகள்

தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டிக்கு அடுப்பு என்றால் விறகடுப்புதான். விறகும் கரியும் திறந்தவெளிக்கு நல்லவை. ஆனால், சமைத்து முடித்ததும் தணலைக் காரில் ஏற்ற முடியாது. அணைந்ததுபோல் தோன்றும் கரியிலிருந்தும் நிறமற்ற, மணமற்ற கார்பன் மோனாக்சைடு வெளிவரும்.

மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் எரிக்கும் அடுப்பை சுவீடனைச் சேர்ந்த லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கினார். ‘பிரைமஸ்’ என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. மண்ணெண்ணெய் ஒரு கிலோவுக்கு 43 மெகாஜூல் அளவு வெப்பம் தரும். சாதாரணக் கலனில் அழுத்தமின்றி வைக்கலாம். ஆனால், முன்சூடாக்க வேண்டும், புகை வரும், சிறிது சிந்தினாலும் காரில் பல நாள் வாடை அடிக்கும். ஸ்பிரிட் அடுப்பு எளிமையானது என்றாலும் அதன் வெப்பம் கிலோவுக்கு 27 மெகாஜூல்தான். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரிவது தெரியாமல் மேலும் ஸ்பிரிட் ஊற்றுவதால் விபத்துகள் நேர்கின்றன.

அடுத்தது எரிவாயு. கடைகளில் கிடைக்கும் நீளமான டின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். ஜப்பானின் இவாதானி நிறுவனம் குழாய் இல்லாத இவ்வகை அடுப்பை 1969இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. மேலைநாட்டு நூல்கள் பியூட்டேன் வேண்டாம் என்று அறிவுறுத்தும். அது 0 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாக மறுத்துவிடும் என்பதே காரணம். அந்த அறிவுரை பனி பெய்யும் நாடுகளுக்கு உரியது. கேமரன் மலையின் இரவுக் குளிரில்கூட பியூட்டேன் எரியும். ஆகவே, புரொபேன் கலந்த விலை கூடிய திருகு டின் நமக்குத் தேவையில்லை.

எத்தனை டின் வேண்டும்? 27 பாகையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 306 கிலோஜூல் வெப்பம் தேவை. பாதி வெப்பம் காற்றோடு போகும் என்று வைத்துக்கொண்டாலும் 13 கிராம் பியூட்டேன் போதும். அப்படியானால் 220 கிராம் டின் ஒன்று 16 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாள் சமையலுக்கு ஒரு டின்னும், கைகாவலுக்கு இன்னொன்றும் போதும். வீட்டு 14 கிலோ தோங் முப்பது பேருக்குச் சமைக்கும் முகாமுக்குத்தான் ஏற்றது. அதையும் மூடிய காரில் படுக்க வைத்துக் கொண்டுபோகக் கூடாது. தோங் நிமிர்ந்து நின்றால்தான் அதன் பாதுகாப்பு வால்வு வாயுவை வெளியேற்றும். படுத்திருந்தால் நீர்மமே பீறிடும்.

ஆபத்து எங்கே?

நடந்து மலையேறுபவருக்கு எடைதான் கவலை. காரில் செல்லும் நமக்கு எடை ஒரு பொருட்டில்லை. எரியாத நேரத்தில் அந்த எரிபொருள் காருக்குள் எப்படி இருக்கிறது என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

220 கிராம் பியூட்டேன் முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ 93 லிட்டர் வாயுவாகும். சிறிய காரின் உட்பகுதி 3,000 லிட்டர் என்று கொண்டால் அது 3 விழுக்காடு. காற்றில் பியூட்டேன் 1.8 முதல் 8.4 விழுக்காடு வரை இருந்தாலே தீப்பற்றும். ஒரே ஒரு டின் ஒரு காரை வெடிகுண்டாக்கப் போதும் என்பது இதன் பொருள். மேலும், பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனமானது. அது கார் தரையில் தேங்கி நிற்கும். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போய்விடாது.

வெயில் இன்னொரு சிக்கல். 20 பாகையில் டின்னின் உள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு. 50 பாகையில் அது ஐந்து மடங்காகிறது. நம் நாட்டு நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 50 பாகையை எளிதில் தாண்டிவிடும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

முதலில் பாத்திரத்தை முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற அடுப்பைப் பிறகு வாங்குங்கள். தோசைக்கல்லோ குவாலியோ டின் இருக்கும் பகுதியின்மேல் நீளக் கூடாது. நீண்டால், அதன் வெப்பம் நேரே டின்மீது இறங்கும். அடுப்பைச் சுற்றி முழுமையாக மறைப்பு கட்டக் கூடாது. காற்று வரும் பக்கம் மட்டும், சற்றுத் தள்ளி வைக்கலாம். இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றவே கூடாது. சிரிம் முத்திரை உள்ள அடுப்பையே வாங்குங்கள்.

சமைத்து முடித்ததும் டின்னைக் கழற்றி மூடியிடுங்கள். நெடுந்தூரம் சுமந்து செல்லாமல் போகும் ஊரிலேயே டின் வாங்குவது நல்லது. தஞ்சோங் பிடாராவுக்குப் போகிறவர்கள் மஸ்ஜித் தானாவில் வாங்கிக்கொள்ளலாம். காரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும்போது டின்னை எடுத்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தாலும் காருக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ சமைக்காதீர்கள்.

நெம்புகோல் தானே மேலெழும்பினால் திருகை மூடுங்கள், பாத்திரத்தை இறக்குங்கள், டின் முற்றிலும் ஆறும்வரை காத்திருங்கள். மீண்டும் அழுத்தாதீர்கள்.

நம் கழக உறுப்பினர்கள் முகாமுக்குப் புறப்படும்போது அடுப்பும் டின்னும் பொருள் பட்டியலின் கடைசி வரியில்தான் இடம்பெறுகின்றன. யாரிடம் உள்ளதோ அவர் எடுத்து வருவார் என்று விட்டுவிடுகிறோம். இனி அந்த வரிக்கு நேராக, டின் எந்தக் காரில் வருகிறது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதையும் எழுதுவோம்.

அம்மா இப்போது பயணத்துக்கென்றே சிறிய தோசைக்கல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஒரு நேரத்தில் ஒரு சிறிய தோசைதான் வரும். பசியோடு நாங்கள் முணுமுணுத்தால் அப்பா கேட்பதில்லை. இரண்டு தோசைக்கு ஒருமுறை டின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாவை ஊற்ற விடுகிறார்.