குண்டு பல்புக்குள் ஒரு கோடம்பாக்கம்

செருப்பு டப்பாவுக்குள் செல்போனை வைத்து, முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டினால் வீடே தியேட்டராகிவிடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. உண்மையா என்று கோடம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். படம் விழும்; கும்மிருட்டில், மங்கலாக, ஓரமெல்லாம் குழைந்து விழும். அதைத் தியேட்டர் என்று சொல்லக் கூடாது. அவர் ஊர்ப் பையன்கள் ஒரு காலத்தில் இதைவிட நன்றாகவே படம் காட்டினார்கள்.

வேண்டியதெல்லாம் ஃபியூஸ் போன குண்டு பல்பு, தண்ணீர், முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு துண்டு பிலிம், அப்பாவின் வெள்ளை வேட்டி. ஒருவன் வெளியே நின்று கண்ணாடியால் வெயிலை ஜன்னல் இடுக்கு வழியாக இருட்டறைக்குள் அடிப்பான். அந்த ஒளி முதலில் பிலிமையும், பிறகு தண்ணீர் நிறைத்த பல்பையும் கடந்து வேட்டியில் விழும். பிலிமைத் தலைகீழாகச் செருகினால் கதாநாயகன் நேராக நிற்பான்.

பல்பின் கண்ணாடி ஓடு மெல்லியது. அது ஒளியைப் பெரிதாக வளைப்பதில்லை. லென்ஸ் வேலை செய்வது தண்ணீர்தான். தண்ணீர் உருண்டையின் குவியம் அதன் மையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு விட்டத் தூரத்தில் அமையும். 6 சென்டிமீட்டர் பல்பு என்றால், அதன் முதுகிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிலிம். 2 மீட்டர் தள்ளி வேட்டியைக் கட்டினால் படம் முப்பது மடங்குக்கு மேல் பெரிதாகும். 22 மில்லிமீட்டர் அகலப் படம் 70 சென்டிமீட்டராகும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். உருண்டை லென்ஸ் மோசமான லென்ஸ். நடுவில் போகும் ஒளியை ஓரிடத்திலும் ஓரத்தில் போகும் ஒளியை வேறிடத்திலும் குவிக்கும். அப்படியும் படம் தெளிவாக விழக் காரணம் சூரியன். வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். அதனால் கதிர்கள், டிக்கெட் கவுண்டரின் கம்பி வரிசையில் நிற்பவர்கள் போல, ஒருவர் பின் ஒருவராக வருகின்றன. பிலிமின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி பல்பில் கசகசா அளவு இடத்தைத்தான் தொடுகிறது. செல்போன் திரையின் ஒளியோ இடைவேளைக் கூட்டம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசையிலும் முட்டிமோதி, லென்ஸ் முழுவதையும் அடைத்து, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறும். பாப்கார்ன் சிதறும், செருப்பு மாறும், யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதே மறந்துபோகும். படம் குழைவது இதனால்தான்.

வரலாறு சுருக்கமாக: 14-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல் ஃபாரிஸி, தண்ணீர் நிறைத்த கண்ணாடி உருண்டையை மழைத்துளியாக வைத்து வானவில்லை ஆராய்ந்தார். 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவி வாங்கி ஊர் ஊராகப் போனார். 1948-இல் ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கம் வந்தது.

இன்று சினிமாவே டிஜிட்டல். பிலிம் துண்டு கிடைப்பது அரிது. அலமாரியில் கிடக்கும் பழைய போட்டோ நெகட்டிவ் போதும். அதைத் தினசரி காலண்டர் அட்டையில் ஓட்டை போட்டுச் செருகுங்கள். பல்பை ஒரு பிளாஸ்டிக் வளையல் மேல் வாய் மேலே இருக்க நிறுத்துங்கள். பல்பின் வாயைத் திறப்பது பெரியவர்கள் வேலை, கண்ணாடி கையைக் கிழிக்கும். பள்ளி ஆய்வகத்து உருண்டைக் குடுவை கிடைத்தால் இன்னும் நல்லது. சிஎஃப்எல் பல்பைத் தொடவே வேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது. கண்ணாடி பிடிப்பவர் சும்மா நிற்க முடியாது. 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூரியன் நகரும், ஒளியும் கூடவே நகரும். அந்த ஒளியை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது.

ஆட்டம் முடிந்ததும் பல்பில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெயிலில் அப்படியே விட்டால், அதே 3 சென்டிமீட்டரில் இருக்கும் காகிதம் கருகும்.