பட்டாவில் பெயர் இருக்கிறது, நிலம் எங்கே?

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணை 2025 மார்ச் 31-க்குள் பெற வேண்டும் என்று வேளாண் துறை அறிவித்ததைச் சிறு செய்தியாக வெளியிட்டிருந்தோம். டெல்டாவிலிருந்து கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தோம். சேலையூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று தாம்பரம் வட்டாரத்திலிருந்தே நிறைய வந்துவிட்டன. ஓய்வுபெற்ற பிறகு மதுராந்தகம் பக்கம் துண்டு நிலம் வாங்கி நாலு ஆடு, பத்து தென்னங்கன்று என்று தொடங்கியவர்கள், அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உத்திரமேரூர் அருகே அப்பா வீட்டுக்கே திரும்பிப் போனவர்கள், போகலாமா என்று யோசிப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எல்லோரும் கேட்டிருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: 31-ம் தேதிக்குள் எண் வாங்காவிட்டால் நிலம் போய்விடுமா?

போகாது. நில உரிமைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பட்டா ரத்தாகாது, பத்திரம் செல்லாமல் போகாது. அரசின் வேளாண் திட்டங்களில் பயன்பெற இனி இந்த எண் தேவைப்படும். விஷயம் அவ்வளவுதான். தேதியைக் கண்டு பயந்து, பொது சேவை மையத்துக்கு வெளியே நிற்கும் இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். பதிவு இலவசம். பட்டா நகல், ஆதார், ஆதாரோடு இணைத்த கைபேசி மூன்றும் கையில் இருந்தால் போதும்.

இந்த எண் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. நாட்டின் விவசாயிகள் அனைவருக்கும் 11 இலக்க எண் ஒன்று தந்து, நிலப் பதிவேட்டையும் ஆதாரையும் அதில் இணைப்பது அதன் ஒரு பகுதி. ஒரே எண், திரும்பத் திரும்ப ஆவணம் கேட்கும் தொல்லை இனி இல்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். தொல்லை குறையலாம். ஆனால் இந்தப் பதிவேடு யார் உழுகிறார்கள் என்று வயலில் போய்ப் பார்த்துத் தயாரிப்பதல்ல. வருவாய்த் துறையின் கணினியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விவசாயி. அங்கே பிழை இருந்தால் அந்தப் பிழைக்கும் ஓர் எண் கிடைக்கும்.

சேலையூர் வாசகரின் கடிதத்தில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். பத்து சென்ட் ‘பண்ணை நிலம்’ வாங்கியிருக்கிறார். பத்திரம் பதிவாகிவிட்டது. பட்டாவிலும் பெயர் ஏறிவிட்டது. கூடவே இன்னும் இருபத்தைந்து பேர் பெயரும் இருக்கிறது. பதிவு முகாமில் ஊழியர், “இதுல உங்க பங்கு எவ்வளவு சார்? எந்தப் பக்கம்?” என்று கேட்டாராம். பட்டாவில் அதற்குப் பதில் இல்லை. அவரால் வேலியைத்தான் காட்ட முடியும். அந்த வேலியும் விற்றவர் போட்டுக் கொடுத்தது.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விளைநிலத்தை உரிய அனுமதியில்லாமல் வீட்டுமனையாக மாற்றி விற்றால் சார்பதிவாளர் அதைப் பதியக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அதுவரை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் விற்ற மனைகளுக்கு அன்றோடு கதவு மூடியது. முன்பே பதிவாகியிருந்தவற்றை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் தனி விதிகள் வந்தன.

சட்டம் தடுத்தது ‘வீட்டுமனை’யை. பத்திரத்தில் அந்தச் சொல்லே இல்லாமல் ‘புஞ்சை நிலம் 10 சென்ட்’ என்று எழுதிவிட்டால்? தமிழ்நாட்டில் விவசாய நிலத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குபவர் விவசாயியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. எவ்வளவு சிறிய துண்டானாலும் அது காகிதத்தில் விவசாய நிலமே. பண்ணை நில வியாபாரத்தின் அஸ்திவாரம் இந்த ஒரு சொல்தான்.

மூன்று ஏக்கர் புஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு சென்ட், சதுர மீட்டரில் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்று மேல். அதை முறையான மனைப்பிரிவாக விற்க வேண்டுமானால் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் அனுமதி பெற வேண்டும். சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டுவதால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்காக ஒப்படைக்க வேண்டும். செலவும் ஆகும், காலமும் ஆகும். பண்ணை நிலம் என்றால் இவை எதுவும் வேண்டாம். ஐம்பது சென்ட்டைப் பாதைக்கு விட்டு, மீதி இருநூற்றைம்பதை இருபத்தைந்து பேருக்குப் பத்துப் பத்தாக விற்றுவிடலாம். ஆளுக்கு ஆறு மகோகனிக் கன்று, ஒரு பெயர்ப் பலகை. முடிந்தது.

சிக்கல் பத்திரத்துக்கு அடுத்த படியில் தொடங்குகிறது. நிலத்தை அளந்து உட்பிரிவு செய்தால் புலப்படத்தில் உங்களுக்கென்று கோடு விழும், தனி எண் விழும், தனிப் பட்டா வரும். மனைப்பிரிவு அனுமதி இல்லாத நிலத்தில் இருபத்தைந்து உட்பிரிவு போட நில அளவையர் தயங்குவார். அதனால் விற்பவர் அந்த வழிக்கே போவதில்லை. உட்பிரிவு கேட்காமல் பெயர் மாற்றம் மட்டும் கேட்டால் உங்கள் பெயர் கூட்டுப் பட்டாவில் ஏறிவிடும். கணினிப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். வரிசையாகப் பெயர்கள் இருக்கும். கீழே புல எண், மொத்தப் பரப்பு, தீர்வை. யாருக்கு எத்தனை சென்ட் என்ற பத்தி அதில் கிடையாது. புலப்படத்திலோ அந்த மூன்று ஏக்கர் இன்னமும் கோடு போடாத ஒரே வயல். நீங்கள் தினமும் ஸ்கூட்டரில் போகும் இருபதடிப் பாதை அதில் இல்லை. விற்றவர் அதைத் தானம் எழுதித் தரவில்லை என்றால் அது அவருடைய நிலம். நாளைக்கு அவர் வாரிசு வந்து கல் நட்டால், பாதை உங்களுடையது என்று காட்டப் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. பத்திரத்தில் பாதை உரிமை எழுதியிருந்தால் நீதிமன்றம் போகலாம். எழுதாமலும் விற்கிறார்கள்.

கிணறு வெட்ட, மின் இணைப்பு கேட்க, வங்கியில் கடன் கேட்க, ஏன், விற்கப் போனால்கூட மற்ற இருபத்தைந்து பேரின் நிழல் கூடவே வரும். இதைத்தான் அதிகாரிகளிடம் கேட்க விரும்புகிறேன். விளைநிலம் துண்டாவதைத் தடுக்கச் சட்டம் போட்டீர்கள். இன்று அதே விளைநிலம் பத்து சென்ட்டாகத் துண்டாகிறது, சாலையும் திறந்தவெளியும் இல்லாமல். அந்தத் துண்டுகளின் பெயர்ப் பட்டியலை அப்படியே எடுத்து ‘விவசாயிகள் பதிவேடு’ என்று ஏன் பெயர் வைக்கிறீர்கள்?

பெருங்களத்தூர்க் குடும்பத்தின் கதை வேறு மாதிரி. உத்திரமேரூர் அருகே தாத்தா வீடு, ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அங்கேயே குடியேறி ஒரு போகம் நவரையும் போட்டுவிட்டார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது; அவர் காலமாகி இருபது வருடம் ஆகிறது. இறந்தவர் பெயருக்கு எண் வழங்க முடியாது. வாரிசுச் சான்று வைத்துப் பட்டா மாறுதல் செய்தால் அத்தைகள், சித்தப்பாக்கள் உட்பட எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வரும். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தத்தம் ஆதாரோடு தனித்தனியே பதிய வேண்டும். இந்தக் கூட்டுப் பட்டாவுக்கு மருந்து உண்டு. எல்லோரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்து உட்பிரிவு கேட்கலாம். குடும்பம் ஒத்துவந்தால் தாசில்தார் அலுவலகத்திலேயே முடிந்துவிடும். ஒத்துவராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான். பங்குத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் தாசில்தாருக்குக் கிடையாது. இது ஒரு கெடுவுக்குள் முடிகிற வேலை அல்ல. அதற்காக அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எண் வாங்கினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருமா? பி.எம். கிசானுக்கு 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். அதற்குப் பின் விலைக்கு வாங்கியவர்களுக்குக் கிடையாது, உரிமையாளர் இறந்து வாரிசாக வந்தவர்களுக்கு உண்டு. வருமான வரி கட்டுபவர்களுக்கும் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் எப்படியும் இல்லை.

ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் வேறு எழுத்து? முதலெழுத்து முன்னே பின்னே இருந்தாலே கணினி தயங்கும்; பட்டாவில் திருத்தம் கேட்டு மனுக் கொடுங்கள்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம்? தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் முழு மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம்.

பண்ணை நிலத்தில் வீடு கட்டலாமா? ஊராட்சித் தலைவரின் கையெழுத்து திட்ட அனுமதி ஆகாது. சி.எம்.டி.ஏ. எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022 அக்டோபரில் அரசாணை வந்துவிட்டதால், உங்கள் ஊர் எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ஏரிக்கரையை ஒட்டி மலிவாக வருகிறதே? வேண்டாம்.

பஞ்சமி நிலம் என்று சொல்கிறார்கள், வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு வரி போதாது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அவர்களுக்குள் மட்டுமே கைமாறலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்களில் இரண்டு பேர் 1994-ல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டம் நடந்த காரணை கிராமத்துக்குப் போனால் இன்றும் சொல்வார்கள். வில்லங்கச் சான்றிதழில் இந்த நிபந்தனை தெரியாமல் போகலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனை நிலம் என்று இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். அது விற்பவருடையது அல்ல.

குத்தகைக்கு உழுபவர் ஒருவரின் மகள் மதுராந்தகத்திலிருந்து எழுதிய கடிதத்துக்கு மட்டும் நல்ல பதில் இல்லை. அவருடைய அப்பா பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டு ஏக்கரில் சொர்ணவாரியும் சம்பாவும் போடுகிறார். பட்டாவில் அவர் பெயர் இல்லாததால் இந்தப் பதிவேட்டில் அவர் விவசாயி இல்லை. நிலத்துக்காரர் தாம்பரத்தில் குடியிருக்கிறார். எண் அவருக்கு வந்துவிட்டது.

இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் நிலத்துக்காரர்களும் இருப்பீர்கள். ஆண்டுதோறும் மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி என்ற வருவாய்த் தீர்வாயம் நடக்கும். உங்கள் கூட்டுப் பட்டா மனுவோடு போகும்போது, உங்கள் நிலத்தை உழுபவர் பெயரை அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். குத்தகைதாரர்களுக்கான உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லிருந்தே இருக்கிறது.