எபோலா வைரஸ் நோய்: எதிர்ப்பொருள் மருந்துகளும் தடுப்பூசியும்

எபோலா வைரஸ் நோய் நடு ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அவ்வப்போது தோன்றிப் பரவும் கொடிய தொற்றுநோய் ஆகும். இது கண்டறியப்பட்ட 1976ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வரை இதற்கென நிரூபிக்கப்பட்ட மருந்தோ தடுப்பூசியோ இருக்கவில்லை. நோயாளிக்கு நீர்ச்சத்து ஏற்றுவதும், மற்றவர்களிடமிருந்து அவரைத் தனிமைப்படுத்துவதும் மட்டுமே மருத்துவர்களால் செய்ய முடிந்தது. இன்று இந்நோயைத் தடுக்கத் தடுப்பூசியும், நோயுற்றவரைக் காக்க இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகளும் உள்ளன. அவற்றில் ஒரு மருந்து, இதே நோயிலிருந்து பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து உருவானது.

நோயின் தன்மை

எபோலா, நூலிழை போன்ற நீண்ட வடிவமுடைய வைரஸ். அன்று சயீர் என அழைக்கப்பட்ட காங்கோ ஜனநாயகக் குடியரசின் யம்புக்கு என்ற சிற்றூரில் 1976இல் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அங்கு 318 பேர் நோயுற்றனர். அவர்களில் 280 பேர் இறந்தனர். ஊரின் பெயருக்கு இழுக்கு வரக்கூடாது என்பதற்காக, அப்பகுதியில் ஓடும் எபோலா ஆற்றின் பெயர் வைரஸுக்குச் சூட்டப்பட்டது.

நோயாளியின் இரத்தம், வாந்தி, வியர்வை போன்ற உடல் நீர்மங்களைத் தொடுவதால் இந்நோய் தொற்றுகிறது. தொற்றிய 2 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சல், தசைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை தொடங்கும். சிலருக்கு இரத்தக்கசிவும் ஏற்படும். இறந்தவரின் உடலிலும் வைரஸ் மிகுதியாக இருக்கும். ஆகையால் நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தினர், செவிலியர், இறுதிச் சடங்கு செய்வோர் ஆகியோரே அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

எதிர்ப்பொருள் செயல்படும் முறை

ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள், இரத்த வெள்ளை அணுக்களில் ஒருவகையான பி செல்களிலிருந்து உருவாகும் புரதம். இது கவைக்கம்பு போன்ற வடிவமுடையது. அதன் இரு கிளைகளின் நுனிகளும் வைரஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தும். அவ்வாறு ஒட்டிக்கொண்டபின் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாமல் போகும். அல்லது மற்ற வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு அழிக்கும்.

எபோலா வைரஸின் மேற்பரப்பில் கிளைக்கோபுரதம் எனப்படும் சர்க்கரை ஒட்டிய புரதம் முள் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. வைரஸ் செல்லுக்குள் நுழைய இதுவே கருவி. செல் தன் உறையால் வைரஸைச் சிறு பை போலச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பையினுள் இருக்கும் நொதிகள் முள்ளின் மேற்பகுதியை வெட்டிவிடுகின்றன. அப்போது மறைந்திருந்த ஒரு பகுதி வெளிப்பட்டு, செல்லின் என்பிசி1 என்ற புரதத்தோடு இணைகிறது. அதன்பிறகே வைரஸின் மரபுப்பொருள் செல்லுக்குள் இறங்குகிறது. இந்த இணைப்பைத் தடுத்தால் தொற்றையும் தடுக்கலாம்.

ஆனால் நோயாளியின் உடல் தானாக இதைச் செய்து முடிக்கப் போதிய காலம் கிடைப்பதில்லை. நோய் எதிர்ப்பைத் தொடங்கி வைக்க வேண்டிய செல்களையே எபோலா முதலில் தாக்குகிறது. மேலும், முள்புரதத்தை ஒத்த ஒரு புரதத்தைத் தனியாக இரத்தத்தில் பெருமளவு கலக்கவிட்டு, எதிர்ப்பொருள்களைத் திசைதிருப்புகிறது. உடல் போதிய எதிர்ப்பொருளை உருவாக்குவதற்குள் பலர் இறந்துவிடுகின்றனர்.

இந்த இடைவெளியை இரு வழிகளில் நிரப்பலாம். தடுப்பூசி, வைரஸ் வருமுன்பே உடலுக்குப் பயிற்சி அளிக்கிறது. அதற்குச் சில நாள்கள் தேவை, ஆனால் பாதுகாப்பு நீடிக்கும். எதிர்ப்பொருள் மருந்து, வேறிடத்தில் உருவான எதிர்ப்பொருளை நேரடியாக இரத்தத்தில் செலுத்துகிறது. பயன் உடனே கிடைக்கும், ஆனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது கரைந்துவிடும்.

கிக்விட், 1995

ஒருவரின் நோய் எதிர்ப்பை மற்றொருவருக்குக் கடனாகக் கொடுக்கும் கருத்து புதியதன்று. எமில் ஃபான் பேரிங், கிடசாட்டோ ஷிபசபுரோ ஆகியோர் 1890இல் தொண்டை அடைப்பான், இசிவு ஆகிய நோய்களுக்கு எதிரான சீரத்தை விலங்குகளில் உருவாக்கிக் காட்டினர். இப்பணிக்காகப் பேரிங் 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார்.

எபோலாவில் இக்கருத்து காங்கோவின் கிக்விட் நகரில் சோதிக்கப்பட்டது. அங்கு 1995இல் 315 பேர் நோயுற்றனர். அவர்களில் ஏறத்தாழ 250 பேர் இறந்தனர். யம்புக்குவின் முதல் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஜான்-ஜாக் முயெம்பே கிக்விட்டிலும் பணியாற்றினார். நோயிலிருந்து மீண்டவர்களின் இரத்தத்தை அவரும் அவருடைய குழுவினரும் 8 நோயாளிகளுக்கு ஏற்றினர். அவர்களில் 7 பேர் பிழைத்தனர்.

ஐந்தில் நால்வரைக் கொன்ற நோயில் இது பெரிய வெற்றியாகத் தோன்றியது. எனினும் அறிவியல் உலகம் இதை ஏற்கத் தயங்கியது. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அந்த 8 பேரும் பரவலின் இறுதிக் கட்டத்தில், மேம்பட்ட பராமரிப்பு கிடைத்த நேரத்தில் சிகிச்சை பெற்றவர்கள். சிலர் நோயின் கடுமையான நாள்களை ஏற்கெனவே கடந்திருந்தனர். இரத்தம் ஏற்றப்படாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. பிழைக்க வைத்தது இரத்தமா, பராமரிப்பா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. கேள்வி தீர்க்கப்படாமலே நின்றது.

பின்னர் கினியில் 2015இல் நடந்த ஆய்வில், மீண்டவர்களின் இரத்த பிளாஸ்மாவை 84 நோயாளிகள் பெற்றனர். இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ஒவ்வொருவரின் பிளாஸ்மாவிலும் பல வகை எதிர்ப்பொருள்கள் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். அவற்றில் வைரஸை உண்மையில் முடக்குவது சிறு பகுதியே. எனவே திறன் மிக்க ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது இன்றியமையாததாயிற்று.

இரத்தத்திலிருந்து மருந்து

ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் வேண்டிய அளவு உருவாக்கும் முறையை ஜார்ஜ் கோலர், செசார் மில்ஸ்டைன் இருவரும் 1975இல் கண்டறிந்தனர். மோனோகுளோனல் எனப்படும் இவ்வகை எதிர்ப்பொருள்கள் இன்று புற்றுநோய் முதல் மூட்டுவாதம் வரை பயன்படுகின்றன.

எபோலாவுக்கு எதிரான தொடக்க முயற்சி ஏமாற்றம் அளித்தது. கிக்விட்டில் பிழைத்த ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட கேஇசட்52 என்ற எதிர்ப்பொருள் கினிப் பன்றிகளைக் காத்தது. 2007இல் வெளியான ஆய்வில் குரங்குகளைக் காக்கத் தவறியது. ஒரு எதிர்ப்பொருளால் மட்டும் எபோலாவை வெல்ல முடியாது என்ற கருத்து வலுப்பட்டது.

இக்கருத்தை மாற்றியது எம்ஏபி114. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் நான்சி சல்லிவன், சுவிட்சர்லாந்தின் அந்தோனியோ லான்சவெக்கியா, காங்கோவின் முயெம்பே ஆகியோரின் குழுக்கள் இதில் இணைந்து செயல்பட்டன. கிக்விட்டில் பிழைத்த ஒருவரிடமிருந்து, நோய்வாய்ப்பட்டு 11 ஆண்டுகளுக்குப் பின் இரத்தம் பெறப்பட்டது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் உடலின் நினைவுச் செல்கள் எபோலாவை மறக்கவில்லை. அச்செல்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எம்ஏபி114, தொற்று ஏற்பட்டு ஐந்து நாள்கள் கழித்துக் கொடுக்கப்பட்டபோதும் குரங்குகளைக் காத்தது. இம்முடிவு 2016இல் வெளியானது. நொதிகள் முள்ளின் மேற்பகுதியை வெட்டிய பிறகும் இது உதிராமல் ஒட்டிக்கொண்டு, என்பிசி1 உடனான இணைப்பைத் தடுக்கிறது.

மற்றொரு மருந்தான ரெஜென்-ஈபி3, மூன்று எதிர்ப்பொருள்களின் கலவை. மனித நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பொருத்தப்பட்ட எலிகளைக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. இவற்றுக்கு முன்னதாக, புகையிலை இனச் செடிகளில் வளர்க்கப்பட்ட மூன்று எதிர்ப்பொருள்களின் கலவையான இசட்மாப் 2014ஆம் ஆண்டுப் பரவலின்போது சிலருக்கு அளிக்கப்பட்டது.

தடுப்பூசி

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை நீடித்த பரவலே எபோலா வரலாற்றில் மிகப் பெரியது. 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்பேரழிவு நிகழ்ந்தபோது, எபோலாவுக்கான தடுப்பூசி ஒன்று கனடாவின் அரசு ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது. அது குரங்குகளைக் காத்தது என்ற ஆய்வு 2005இலேயே வெளியாகியிருந்தது. ஆனால் ஏழை நாடுகளில் எப்போதாவது வரும் நோய்க்கான தடுப்பூசியை மனிதரில் சோதிக்க முதலீடு செய்ய எவரும் முன்வராததால், அது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

கால்நடைகளைத் தாக்கும் வெசிக்குலர் ஸ்டொமடைட்டிஸ் என்ற வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை நீக்கி, எபோலாவின் முள்புரதத்தைப் பொருத்துவதே இத்தடுப்பூசியின் அடிப்படை. இதில் முழு எபோலா வைரஸ் இல்லாததால் நோய் வராது. உடல் முள்ளை மட்டும் அறிந்துகொள்கிறது.

கினியில் 2015இல் இது வளையத் தடுப்பூசி முறையில் சோதிக்கப்பட்டது. பெரியம்மையை ஒழிக்கக் கையாண்ட முறை இது. ஒருவருக்கு நோய் உறுதியானால், அவரோடு தொடர்பில் இருந்தோருக்கும் அவர்களோடு தொடர்பில் இருந்தோருக்கும் ஊசி போடப்படும். தடுப்பூசி பெற்ற 5,837 பேரில், 10 நாள்களுக்குப் பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை. எர்வெபோ என்ற பெயரில் 2019இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. இதைப் பூச்சியத்துக்குக் கீழே 60 முதல் 80 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பது, மின்வசதி இல்லாத ஊர்களில் பெரும் சவால்.

பாம் ஆய்வு

காங்கோவின் கிழக்குப் பகுதியில் 2018இல் மீண்டும் எபோலா பரவியது. ஆயுதக் குழுக்களின் மோதல் நடந்த பகுதி அது. 2019 பிப்ரவரியில் கட்வா, புட்டெம்போ சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. இச்சூழலிலேயே 2018 நவம்பரில் முயெம்பேயின் தலைமையில் பாம் ஆய்வு தொடங்கியது. ‘உயிர்களை ஒன்றாகக் காப்போம்’ எனப் பொருள்படும் சுவாகிலித் தொடரின் சுருக்கமே இப்பெயர்.

ஆய்வில் 681 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. கிக்விட்டில் இல்லாத ஒப்பீடு இங்கே இருந்தது. இரு மருந்துகள் தெளிவாக முந்தியதால் 2019 ஆகஸ்டில் ஒப்பீடு நிறுத்தப்பட்டு, அவை மட்டும் தொடர்ந்து வழங்கப்பட்டன. 28 நாள்களுக்குள் இறந்தோரின் அளவு பின்வருமாறு:

ரெஜென்-ஈபி3: 33.5 விழுக்காடு
எம்ஏபி114: 35.1 விழுக்காடு
இசட்மாப்: 49.7 விழுக்காடு
ரெம்டெசிவிர்: 53.1 விழுக்காடு

இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்த நிலையில் முதல் இரு மருந்துகளைப் பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே இறந்தார். வைரஸ் பெருகிய நிலையில் பெற்றவர்களில், அதே மருந்துகள் கொடுக்கப்பட்டும், பத்தில் ஆறேழு பேர் இறந்தனர். மருந்தின் திறனைப் போலவே நோயாளி வந்து சேரும் நாளும் உயிரைத் தீர்மானித்தது. இவ்விரு மருந்துகளுக்கும் இன்மசெப், எபங்கா என்ற பெயர்களில் 2020இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2022இல் அவற்றைப் பரிந்துரைத்தது.

எல்லைகள்

எதிர்ப்பொருள் மருந்தும் எர்வெபோவும் ஒரே முள்புரதத்தையே குறிவைக்கின்றன. எர்வெபோ உயிருள்ள வைரஸால் ஆனது என்பதால், எதிர்ப்பொருள் மருந்து பெற்ற உடனே அதைப் போட்டால், அந்த மருந்தே தடுப்பூசியின் பயனைக் குறைத்துவிடக்கூடும்.

நோயிலிருந்து மீண்ட பிறகும் கண், விந்து போன்ற இடங்களில் வைரஸ் நீண்ட காலம் ஒளிந்திருக்கலாம். கினியில் 2021இல் தோன்றிய பரவலின் வைரஸை மரபணு முறையில் ஆராய்ந்தபோது, அது 2014-16 பரவலில் பிழைத்த ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும் எனத் தெரிந்தது.

மேலும், இதுவரை கூறப்பட்ட ஒப்புதல் பெற்ற மருந்துகளும் எர்வெபோவும் சயீர் வகை எபோலாவுக்கே உரியவை. உறவுடைய சூடான் வகை வைரஸின் முள் வேறுபட்டிருப்பதால் அவை அதில் பொருந்துவதில்லை. உகாண்டாவில் 2022இல் சூடான் வகை பரவியபோது, சோதனைக்குரிய தடுப்பூசிகள் வந்து சேர்வதற்குள் பரவல் அடங்கத் தொடங்கிவிட்டது; ஆய்வு நடத்த முடியவில்லை. அந்தப் பட்டறிவால் தடுப்பூசியும் ஆய்வுத் திட்டமும் முன்கூட்டியே ஆயத்தமாக வைக்கப்பட்டன. கம்பாலாவில் 2025 ஜனவரி 30 அன்று அதே வைரஸ் மீண்டும் அறிவிக்கப்பட்டபோது, நான்கே நாள்களில் வளையத் தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. கிக்விட்டில் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்க 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.